பெயின்ட்டுக்கு அடியில் ஏழு

செம்பாக்கத்தில் மெயின் ரோட்டை ஒட்டி என் டயர் கடை. பஞ்சர், அலைன்மென்ட், பேலன்சிங், புது டயர், எல்லாம் உண்டு. வருகிறவர்கள் காத்திருக்கிற கால் மணி நேரத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அது பிடிக்கும். எட்டாவதோடு படிப்பு நின்றவன் நான். ஆட்கள் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கித்தான் நாலு வார்த்தை சேர்த்தேன். நல்லதாக ஏதாவது காதில் விழுந்தால், டயரில் குறி போடுகிற மஞ்சள் சாக்பீஸை எடுத்து ஷட்டரின் உள்பக்கம் எழுதிவிடுவேன். "வண்டி ஓடுறது டயர் மேல இல்லண்ணா, காத்து மேல" என்றது ஒரு தண்ணி லாரி டிரைவர். "ரோடு போட்டவனுக்குத் தெரியாத குழி பால்காரனுக்குத் தெரியும்" என்றது மேடவாக்கத்துப் பால்காரர். மதியம் சாப்பிட ஷட்டரைப் பாதி இறக்கினால், அத்தனை பேரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்பது மட்டும் நானாக எழுதியது. ஊருக்கெல்லாம் தெரிந்த பழமொழிதான். ஆனால் டயர் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது என்று எனக்கு ஒரு நினைப்பு.

அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு வரப்போவதற்கு அது தெரிந்தாக வேண்டும். டயரில் 245 என்று போட்டிருந்தால் அதன் அகலம் அத்தனை மில்லிமீட்டர். டயர் உட்காருகிற ரிம்முக்கும் அகலம் உண்டு. அதை இன்ச்சில் சொல்வார்கள். கடைக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் "பதினாறா, பதினேழா" என்று ரிம்மின் உயரத்தைத்தான். அகலத்தை யாரும் கேட்பதில்லை. பேன்ட் வாங்கப் போய் உயரத்தை மட்டும் சொல்லி இடுப்பைச் சொல்லாமல் வருவது மாதிரி. குறுகலான ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால், இறுக்கிக் கட்டின வேட்டிக்கு மேலே தொப்பை வழிகிற மாதிரி டயரின் பக்கச்சுவர் பிதுங்கிக்கொண்டு நிற்கும். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. திருப்பும்போது ரிம் முதலில் திரும்பும், டயர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். மெதுவாகப் போகிற வண்டிக்கு அது பரவாயில்லை. வேகத்துக்கென்றே செய்த வண்டிக்கு அந்த யோசனை ஆகாது.

அப்படி ஒரு வண்டி வைத்திருந்தான் ஒரு பையன். சேலையூர்ப் பக்கம் காலனியில் வீடு, சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா ரிட்டயர்டு சர்வேயர், அம்மா, அவன், மூன்றே பேர். ரெண்டு கை மாறி வந்த வெளிநாட்டு கார். மிதித்தால் முதுகு சீட்டில் போய் ஒட்டும். வாங்கிய அன்றைக்கு, "உங்கம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு இத்தனை குதிரை எதுக்குடா?" என்று அப்பா கேட்டாராம். அவனே வந்து சொல்லிச் சிரித்தான். அதையும் ஷட்டரில் எழுதி வைத்தேன்.

ஒருநாள் பின் சீட்டிலும் டிக்கியிலுமாக நாலு அலாய் வீலைப் போட்டுக்கொண்டு வந்தான். காட்டாங்குளத்தூரில் காலேஜ் படிக்கிற யாரோ விற்றது. பதினேழு இன்ச். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்து, முகம் பார்க்கலாம் போல மினுக்கியது.

"அண்ணா, இதுக்கு 245 போடணும். பின்னாடி இருந்து பாத்தா வண்டி அப்படியே குந்தின மாதிரி இருக்கணும்."

"ரிம் அகலம் எவ்வளவு தம்பி?"

"எட்டுன்னு சொன்னான்."

வித்தவன் வார்த்தையை நம்பக்கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். அகலத்தை ரிம்மின் பின்பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள். தேடினேன். பெயின்ட் தடியாக இருந்தது. ஒரு ஆரக்காலின் பின்னால் கட்டை விரலுக்கு ஏதோ எழுத்து மாதிரி தட்டுப்பட்டது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"அண்ணா, அண்ணா, பெயின்ட்!" என்று பதறினான். "இப்பதான் அடிச்சுது."

சரி, அவன் ஆசையை ஏன் சொரண்டுவானேன் என்று ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு, இடுப்பில் எப்போதும் தொங்குகிற டேப்பை எடுத்தேன். ரிம்மின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு வைத்துப் பார்த்தேன். சரியாக எட்டு. டயர் கம்பெனிக்காரன் கொடுத்த சார்ட் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. அந்த அளவு 245-க்கு எட்டிலிருந்து ஒன்பதரை வரை என்று அதில் இருந்தது.

"கடைசிப் படி தம்பி. ஆனாலும் படிதான். போடலாம்" என்றேன்.

போட்டேன். வண்டி அவன் சொன்ன மாதிரியே குந்தி நின்றது. நாலு பக்கமும் சுற்றி வந்து போட்டோ எடுத்தான். என்னையும் ஒரு டயர் பக்கத்தில் உட்கார வைத்து எடுத்தான்.

ஒரு மாதம் கழித்து வந்தான். "நேரா போறப்போ சூப்பர்ணா. திருப்பும்போது மட்டும் கொஞ்சம் லேட்டா கேக்குது."

"புது டயர் தம்பி. புது மருமக மாதிரி. பழக நாளாகும்" என்றேன். சிரித்துக்கொண்டே போனான். அன்றைக்கு அந்த நகைச்சுவை எனக்கே பிடித்திருந்தது.

இன்னும் ரெண்டு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவைத் திருப்போரூர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். சித்தாலப்பாக்கம் தாண்டி, பொன்மார்ப் பக்கம் ஒரு வளைவு. எதிரே வந்த லாரி ஒன்று நடுக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. இவன் இடது பக்கம் ஒடித்து, உடனே வலது பக்கம் திருப்பியிருக்கிறான். இடது முன் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிட்டது. வெறும் ரிம் ரோட்டில் ஊன்றி, வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய் ஓடைப்பாலத்துச் சுவரில் மோதியது. இடது பக்கம் உட்கார்ந்திருந்தது அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்கள். இவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

லாரி நிற்கவே இல்லை. பார்த்தவர்களும் இல்லை. போலீஸும் ஊரும் பார்த்தது அந்தக் காரை மட்டும்தான், அது குந்தி நிற்கிற தோரணையை. யாரிடம் போய், "நான் அறுபதுலதான் போனேன்" என்று சொன்னால் நம்புவார்கள்? அஜாக்கிரதையாக ஓட்டி உயிரிழப்பு என்று அவன் மேல் கேஸ் ஆனது. சாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் அப்பாவின் கையை மட்டும் பிடித்துவிட்டுப் போனார்கள். நானும் போயிருந்தேன். மாலையை வைத்துவிட்டு, ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஸ்டேஷன் பக்கத்தில் நிறுத்தியிருந்த வண்டியைப் போய்ப் பார்த்தேன். தொழில் புத்தி. வெடித்த டயர் கந்தல் கந்தலாகக் கிழிந்திருக்கும். இது கிழியவில்லை. கழற்றிப் போட்ட சட்டை மாதிரி முழுசாகக் கிடந்தது. டயரின் உள் ஓரத்தில் கம்பி வைத்துத் தைத்த வளையம் ஒன்று உண்டு. அதுதான் ரிம்மைக் கவ்விப் பிடிப்பது. அந்தப் பிடி விட்டிருக்கிறது. அது விடுவதற்கு மூன்றே காரணம். காற்று குறைவாக இருக்க வேண்டும். அதை விபத்துக்கு ரெண்டு நாள் முன்னால் நானே பார்த்துச் சரியாக அடித்து விட்டிருந்தேன். டயர் ரிம்முக்குப் பொருந்தாமல் இருக்க வேண்டும். எட்டு இன்ச் என்று நானே அளந்தேன். மிச்சம் என்ன? வேகம். கணக்கு சரியாக வந்தது. அவன் பொய் சொல்கிறான் என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவன் அப்பா கடைக்கு வந்தார். நடந்தே வந்திருந்தார். மழிக்காத முகம். நான் இழுத்துப் போட்ட ஸ்டூலில் உட்காரவில்லை.

"ஒரே ஒரு கேள்விதான்" என்றார். "நீங்க இதுலயே இருக்கறவர். மழுப்பாம சொல்லுங்க. அறுபதுல போனா அந்த டயர் கழண்டு வருமா?"

கையைத் துடைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்திலும் உள்ளே ஓரமாக ஒரு பெருமை இருந்தது. ஊர் நிலத்தையெல்லாம் அளந்த மனுஷன் என்னிடம் வந்து கேட்கிறார்.

"வராது சார்" என்றேன். "அறுபதுல வராது."

"தேங்க்ஸ்" என்றார். திரும்பி நடந்தார். ரோட்டைக் கடக்கும்போது ஒரு ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். அவருக்குக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

ஒரு வாரம் இருக்கும். அவன் வந்தான். ஒரு கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்க, யாரோ நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தான். மடியில் பெரிய பை. நண்பன் காற்றுப் பிடிக்க, இவன் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சிறுசேரிலயே ரூம் எடுத்துட்டேண்ணா."

"ஏன் தம்பி? இந்த நேரத்துல அப்பாவை விட்டுட்டு..."

"அப்பா என்கிட்ட பேசி ஏழு நாளாச்சு. கடைசியா பேசினது என்ன தெரியுமா? 'டயர் கடைக்காரரே சொல்லிட்டார்டா'ன்னாரு." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "நீங்க கூடவாண்ணா?"

நான் என்ன சொன்னேன்? "மனசைத் தேத்திக்கோ தம்பி" என்றேன். அதைவிடக் கேவலமான வார்த்தை தமிழில் இருந்தால் அதையும் அன்றைக்குச் சொல்லியிருப்பேன்.

நாலு மாதம் ஓடியது. நசுங்கின காரை உதிரிக்காக வாங்கின மெக்கானிக் ஒருத்தர் மிச்சமிருந்த மூன்று சக்கரத்தைக் குட்டியானை லோடு வண்டியில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். பழைய தாம்பரத்து ஆள். மெட்ராஸ் பாஷை மணக்க மணக்கப் பேசுவார்.

"அண்ணாத்த, டயரு சோக்காக்கீது. கயட்டி குடு. ரிம்மை வேற ஒர்த்தன் கேட்டுகினு கீறான்."

பார்த்ததும் தெரிந்துவிட்டது எந்த வண்டி என்று. மெஷினில் ஏற்றினேன். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, ரெண்டு ஓரமும் புதிதாக இருந்தது. பிதுங்கி நிற்கிற டயர்தான் அப்படி நடுவில் தேயும். ரெண்டாவது சக்கரத்தைக் கழற்றும்போது டயரை நெம்புகிற கம்பியின் முனை வழுக்கி, ரிம்மின் பின்பக்கத்தில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. கறுப்பு உரிந்து வெள்ளையாக உலோகம் தெரிந்தது. அங்கே ஒரு எழுத்தின் கால் எட்டிப் பார்த்தது. அன்றைக்கு விரலுக்குத் தட்டுப்பட்டதே, அதே இடம்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சொரண்டினேன். இந்தத் தடவை யாரும் பதறவில்லை. 17 வந்தது. பெருக்கல் குறி வந்தது. அடுத்து 7.

டேப்பை எடுத்து விளிம்பிலிருந்து விளிம்புக்கு வைத்தேன். எட்டு. மறுபடியும் வைத்தேன். எட்டு. அப்புறம், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் செய்யாததைச் செய்தேன். டேப்பை உள்ளே விட்டு, டயரின் ஓரம் வந்து உட்காருகிற இடத்திலிருந்து எதிர்ப்பக்கம் உட்காருகிற இடத்துக்கு அளந்தேன். ஏழு. விளிம்பின் தடிமன் இந்தப் பக்கம் அரை இன்ச், அந்தப் பக்கம் அரை இன்ச். கம்பெனிக்காரன் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. சைக்கிள் பஞ்சரில் ஆரம்பித்து, பார்த்துப் பார்த்துப் பிடித்த தொழில். கம்பெனி ரிம்மோடு வருகிற வண்டிக்கு அளக்க வேண்டியதே இல்லை, பழைய நம்பரையே போட்டுவிடலாம். ஆசைக்கு அலாய் மாட்டுகிறவர்களுக்குத்தான் டேப். அவர்களும் ஒரு சைஸ்தான் கூட்டுவார்கள். என் ஒரு இன்ச் தப்பு சார்ட்டின் தாராளத்தில் கரைந்து போய்விடும். இத்தனை வருஷம் கரைந்துகொண்டே இருந்தது. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்" என்பார்கள். எழுதினவன் சரியாகத்தான் எழுதியிருந்தான். கெடுத்தது நான் மட்டும்தான்.

"இன்னா அண்ணாத்த, பேயறைஞ்சா மாதிரி ஆயிட்ட?" என்றார் மெக்கானிக்.

"இந்த ஒரு ரிம்மை எனக்குக் கொடுத்துடுங்க."

"ஒத்த ரிம்மை வச்சிகினு இன்னா பண்ணுவ? ஸ்டூலா போட்டு குந்துவியா?"

பணத்தைக் கையில் வைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாற்பது நாள் நான் செய்ததைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரிம்மைக் கடையின் மூலையில் சாக்கு போட்டு மூடி வைத்தேன். தினமும் காலையில் ஒரு காரணம் கிடைக்கும். லாரிதான் காரணம், நான் என்ன செய்வேன். காற்று இறங்கியிருக்கலாம். வேகமாகவும் போயிருக்கலாம், யார் கண்டது. கேஸ் என் மேல் திரும்பினால் கடை என்ன ஆகும். மதியம் ஷட்டரைப் பாதி இறக்கினால் "விரலுக்குத் தகுந்த வீக்கம்" நேராக முகத்துக்கு எதிரே தொங்கும். ஒருநாள் அதை ஈரத்துணியால் துடைத்தேன். சாக்பீஸ் போனது, துடைத்த இடம் மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. அதற்கு எழுத்தே தேவலாம் என்று ஆகிவிட்டது.

கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி ஒருநாள் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். "என்னங்க இது, பொணத்தை மூடி வச்ச மாதிரி மூடி வச்சிருக்கீங்க?"

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். தூக்குச்சட்டியைத் திறந்தபடி கேட்டவள் மறுபடியும் மூடிவிட்டாள்.

"அந்தப் புள்ள ஒரு ரூம்ல உக்காந்து நானா கொன்னேன், நானா கொன்னேன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும்."

"கடை போயிடும்டி."

"போகட்டும். இட்லிக் கடை வெக்கலாம். அதுல எவனும் சாக மாட்டான். அரிசியை மட்டும் நீங்க அளக்காதீங்க."

எங்கள் வீட்டில் ஆறுதல் அப்படித்தான் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை ரிம்மை ஸ்கூட்டரின் கால்மேடையில் வைத்துக்கொண்டு சேலையூருக்குப் போனேன்.

அவன் அப்பா கதவைத் திறந்தார். கையில் ஈரம், ஒரு தட்டு கழுவிக்கொண்டிருந்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு குக்கர். ஹாலில் அந்த அம்மாவின் போட்டோ. மாலை காய்ந்திருந்தது. நான் ரிம்மைத் தரையில் வைத்தேன். உட்காராமலே சொன்னேன். அளந்தது, போட்டது, அவர் கேட்டபோது நான் சொன்னது, அப்புறம் பெயின்ட்டுக்கு அடியில் இருந்தது, எல்லாம்.

"அறுபதுல கழண்டு வரும் சார். அவசரமா ரெண்டு பக்கமும் ஒடிச்சா, இந்த ரிம்முல அந்த டயர் அறுபதுலயே கழண்டு வரும். நான் சொன்னது தப்பு."

அவர் உள்ளே போய் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கொண்டுவந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விளிம்புக்கு விளிம்பு அளந்தார். உள்ளே அளந்தார். சொரண்டின நம்பரை விரலால் தடவினார். ரெண்டாவது தடவையும் எல்லாவற்றையும் அளந்தார். அவர் முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நாங்க நிலம் அளக்கப் போனா முதல்ல கல்லைத் தேடுவோம்" என்றார், ரிம்மைப் பார்த்தபடியே. "சர்வே கல்லு. எங்கேருந்து அளக்கணும்னு அதுதான் சொல்லும். கல்லு கிடைக்கலன்னா அன்னிக்கு அளக்காம திரும்பி வந்துடுவோம். நீ கல்லைப் பாக்காமலே அளக்கற சங்கிலியைப் பிடிச்சிருக்கே."

அதுவரை "நீங்க" என்றுதான் என்னைச் சொல்லி வந்தவர்.

"ஆமா சார்."

"நானும்தான்" என்றார். எழுந்து சட்டையை மாட்டினார். "வண்டியை எடு. அவன்கிட்ட போலாம்."

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, ரிம்மை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வழி முழுக்க அதன் விளிம்பு என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. மேடவாக்கம் தாண்டி, சித்தாலப்பாக்கம் தாண்டி, பொன்மார் வளைவு வந்தது. நான் வேறு வழியில் போயிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

"நிறுத்து" என்றார்.

இறங்கவில்லை. ஓடைப்பாலத்துச் சுவரில் பெயர்ந்த இடத்தில் புதுச் சிமென்ட் பூசி, மேலே கறுப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்டிருந்தார்கள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்ப எவ்வளவுல வந்தே?"

"நாப்பது சார்."

"நாப்பதுக்கே எனக்கு வேகமாத் தெரிஞ்சுது" என்றார். "போ."

சிறுசேரியில் ஆண்கள் தங்குகிற ஹாஸ்டல் மாதிரி ஒரு மூன்று மாடிக் கட்டிடம். கீழே வரிசையாக பைக்குகள், கயிற்றில் காய்கிற பனியன்கள். நான்தான் போன் செய்தேன். லுங்கியோடு இறங்கி வந்தான். இளைத்திருந்தான். தோள் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றது. அப்பாவைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். அப்புறம் அவர் நெஞ்சோடு பிடித்திருந்த ரிம்மைப் பார்த்தான்.

நான் சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லும்போது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. வக்கீலிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், கோர்ட்டில் வந்து நிற்கிறேன் என்றும் சொன்னேன். (எழுதிக் கொடுத்துவிட்டேன். கேஸ் இன்னும் முடியவில்லை. கடை இதை எழுதும்வரை இருக்கிறது.)

"எப்பண்ணா தெரியும்?" என்று கேட்டான்.

"நாப்பது நாளாச்சு."

தலையை ஆட்டினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன், கை ஓங்கினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவன் குரல் உயரவே இல்லை.

"சித்தாலப்பாக்கத்துல ஒரு வளைவுல அம்மா கேட்டாங்கண்ணா. 'என்னடா, வண்டி ஒரு மாதிரி ஆடுதே'ன்னு. 'டயர் கடை அண்ணன் பாத்துட்டாரும்மா, ஒண்ணும் ஆகாது'ன்னேன். 'அவர் பாத்துட்டாருன்னா சரி'ன்னாங்க."

ஆயிரம் பேர் சொன்னதைக் கேட்டு எழுதி வைத்தவன் நான். இதை எந்தச் சாக்பீஸாலும் எழுத முடியாது, எந்தத் துணியாலும் துடைக்கவும் முடியாது.

அவன் அப்பா தொண்டையைச் செருமினார். "வீட்டுக்கு வாடா."

"நான் அறுபதுலதான் போனேன்னு சொன்னேன்லப்பா."

"சொன்னே."

"எத்தனை தடவை சொன்னேன்?"

அவர் ரிம்மை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னப்போ நம்பல. ஊர்ல ஒருத்தர் விடாம கேட்டுட்டு வந்தீங்க. இன்னிக்கு இதை அளந்து பாத்துட்டு நம்புறீங்க." அழவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டான். "அந்தப் பெயின்ட் உரியாமலே போயிருந்தா?"

மேலே யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம். அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். கையில் ரிம் இருந்ததால் அவனைத் தொடவும் முடியவில்லை, அதைக் கீழே வைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. அவனே கையை நீட்டி, நல்ல தோளின் பக்கமாக அதை வாங்கிக்கொண்டான்.

"உள்ள சாப்பாடு இருக்கும், சாப்பிட்டுப் போங்க" என்றான், விருந்தாளிகளிடம் சொல்கிற மாதிரி. திரும்பிப் படியேறினான்.

"டேய், அதை எதுக்குடா எடுத்துட்டுப் போறே?" என்றார் அப்பா.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "யாராவது கேட்டா காட்டணும்ல" என்றான்.

ஒரு கையால் தூக்க அது கனம்தான். ஒவ்வொரு படியிலும் ரிம் இடித்து இடித்து மேலே போகிற சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. அது நிற்கும்வரை நாங்கள் ரெண்டு பேரும் கீழேயே நின்றுகொண்டிருந்தோம்.